மூடுபனி நாட்டில் ஜாஸ், ரொக் தட்டுகள் சேர்ப்பவர்களுக்கு

ஜாஸ், ரொக் இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்குபவர் கொழும்பில் இருந்தால், முதலில் எதை வாங்குவது என்று யோசிக்கலாம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருப்பவர், வாங்கியதை எங்கே வைப்பது என்று யோசித்த பிறகுதான் பணப்பையைத் திறக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவின் குளிர் வினைல் தட்டுக்கு நல்லதே; வெப்பத்தில் வளையும் அந்தப் பொருளுக்கு யாழ்ப்பாணத்து வெயிலைவிட நமது குளிர் எவ்வளவோ மேல். தென்மேற்குப் பருவக்காற்றோடு மே மாதம் வந்து, செப்டம்பர் வரை வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் ஈரந்தான் நமக்குப் பகை. காற்றின் ஈரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். அது மேலட்டையின் காகிதத்தையும் பசையையும், தட்டின்மேல் நாம் விட்ட விரல் எண்ணெயையும் தூசியையும் தின்று வளர்ந்து, பின்னர் தட்டில் ஒலி பதிந்திருக்கும் சுழல் வரிகளுக்குள் இறங்கி, ஊசி கடக்கும்போதெல்லாம் பொரி பொரிப்பதுபோல் ஒலிக்கும்.

ஆகவே முதற்செலவு ஓர் ஈரப்பதன்மானி. விலை அதிகமில்லை. அலுமாரிக்குள் அது 40 முதல் 50 சதவீதம் வரை காட்டினால் சிறப்பு. மழைக்காலத்தில் 60-ஐத் தாண்டாமல் வைத்திருந்தாலே நமது மலையில் அது பெரிய காரியம். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். லயத்து வீட்டில் இருப்பவர்கள், இரவில் தகரக் கூரையில் வேர்க்கும் நீர் எங்கே சொட்டுகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அலுமாரியின் அடியில், தட்டுகளுக்கு எட்டாத மூலையில், 15 வொட் இழை மின்குமிழ் ஒன்றை எரிய விடும் பழைய உபாயம் இன்றும் பயன் தருகிறது. எல்இடி குமிழில் போதிய சூடு இல்லாததால் இதற்கு அது உதவாது. மின்குமிழ் வைக்க இயலாதவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, நிறம் மாறும்போது எடுத்து உலர்த்திக்கொள்ளலாம்.

உலர்த்துவது என்றதும் அடுப்பங்கரை நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஒரு ஜூலை மாதத்தில் மேலட்டைகள் ஈரமாக இருக்கின்றன என்று, தட்டுகளை வெளியே எடுக்காமலே விறகடுப்புக்கு அருகே சாய்த்து வைத்துவிட்டு, பின்னேரத் தேநீருக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது இரண்டு தட்டுகள் எண்ணெயில் போட்ட அப்பளம்போல் அலை அலையாக எழும்பியிருந்தன. அட்டையை மட்டும் தனியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் விரித்து வையுங்கள். தட்டுக்குச் சூடு காட்டவே வேண்டாம்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நேராக நிறுத்துங்கள். அட்டையோடு நூறு எல்பி தட்டுகள் (நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் பெரிய வினைல் தட்டுகள்) 25 முதல் 30 கிலோ வரை எடை வரும் என்பதால் மெல்லிய பலகை தாங்காது. பளபளப்பான பிவிசி உறைகள் காலப்போக்கில் வினைலோடு வினைபுரிந்து மங்கலான படலம் விடுகின்றன. பொலித்தீன் உறையே போதும்.

இனித் தேடுதல். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையானபோது வெள்ளைத் துரைமார் பலர் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். வானொலியும் தட்டு பிளேயரும் ஒன்றாக அமைந்த அவர்களுடைய ரேடியோகிராம்களும் தட்டுகளும் ஏலத்துக்கும், அப்புமாரின் வீடுகளுக்கும், பழைய சாமான் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. நான் கண்ட பழைய தட்டுகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவையே. தோட்டத்துப் பெரியவர்களிடம் ‘எல்பி’ என்று கேட்டால் விளங்காது. ‘பாட்டுப் பிளேட் ஏதும் கிடக்கிறதா ஐயா’ என்று கேட்டால் பரணைத் தேடுவார்கள். கிடைத்தால் நியாயமான விலை கொடுங்கள். அரைநூற்றாண்டு அதைக் காத்தவர் அவர்.

வாங்குமுன் தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பையும் லேபலையும் மட்டும் தொட்டு, வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். விரல்நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்பதில்லை. நகத்தில் தட்டுப்படுவது கட்டாயம் கேட்கும். நடுத்துளையைச் சுற்றி லேபலில் நிறையத் தடங்கள் இருந்தால் அது பலமுறை ஓடியது என்று பொருள். கனமாக இருந்து, தவறி விழுந்தால் உடையக்கூடியது என்றால், அது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டு. 1948-இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பியைக் கொண்டுவருவதற்கு முந்தைய ஜாஸ் இசை அதில்தான் வெளிவந்தது. ரொக் இரசிகர்களும் 78-ஐ ஒதுக்கிவிட வேண்டாம்: மேற்கில் அந்த வேகம் வழக்கொழிந்த பிறகும், 1960-களில் இந்தியாவில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் 78 தட்டுகளாக அச்சாகின. கல்கத்தாவின் டம்டம் ஆலையிலிருந்து வந்த அத்தகைய தட்டு ஒன்று உங்களுக்கு அகப்பட்டால், உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் பொறாமைப்படுவார்கள்.

ஒரு தட்டு எந்த அச்சு என்பதை அறிய, கடைசி வரிக்கும் லேபலுக்கும் இடையிலுள்ள வெறும் பகுதியைப் படிக்கப் பழக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் ருசி முழுவதும் எனக்கு அங்கேதான். இங்கிலாந்தின் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவன ஆலைத் தட்டுகளில், லேபலுக்கு இடப்பக்கம் ஓர் எண்ணும் வலப்பக்கம் ஓரிரு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். வலப்பக்க எழுத்துகள் ‘கிராமபோன் லிமிட்டெட்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமான GRAMOPHLTD-இல் வரும் பத்து எழுத்துகளை 1 முதல் 9 வரையும் இறுதியில் 0-வாகவும் கொண்ட இரகசிய எண்முறை: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. இலக்கம் சிறியதாக இருந்தால் தட்டு தொடக்க காலத்து அச்சு என்று கொள்ளலாம். பிங்க் ஃபுளொயிட் குழுவின் 1973-ஆம் ஆண்டுத் தட்டான ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’, முதல் பிரித்தானிய அச்சில், லேபலில் நிரப்பிய நீல முக்கோணத்தோடு வந்தது. ஜாஸ் பக்கம், புளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரையும், 1966-க்கு முந்தையவற்றில் காது போன்ற சிறு குறியும் இருக்கும். இந்தக் குறிகளுக்காகப் பெரும் பணம் கொடுக்குமாறு நான் சொல்ல மாட்டேன்; ஈரம் தின்ற முதல் அச்சைவிடச் சுத்தமான மறுஅச்சு காதுக்கு இனியது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, நமது தீவைத் தொட்டுச் சென்ற இருவரைச் சொல்வேன். ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் மேற்கொண்ட பயணத்தில் இலங்கைக்கும் வந்தார். அதே பயணத்தில் துருக்கித் தெருவில் கேட்ட 9 எண்ணிக்கைத் தாளமே, 1959-இல் வெளிவந்த ‘டைம் அவுட்’ தட்டின் முதற் பாடலுக்கு வித்து. ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் 1963-இல் வந்தார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதால் துருக்கியில் பாதியில் நின்ற அந்தப் பயணத்தின் நினைவுகளிலிருந்து ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ தட்டு பிறந்தது. தாளத்தை விரலில் எண்ணிப் பழகிய தமிழ்க் காதுக்குப் புரூபெக் எளிதில் வசப்படுவார்.

பிளேயர் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் பழைய இயந்திரம் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஆனது. நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் மோட்டாராக இருந்தால் 33⅓ சுற்று ஏறத்தாழ 28 ஆகி, பாட்டு மூன்று அரைச்சுரம் இறங்கிக் கேட்கும். 50 ஹெர்ட்ஸுக்குரிய கப்பியை மாற்றினால் சரியாகும். வேகத்தைச் சோதிக்க, ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ தட்டின் பழைய அச்சைப் பயன்படுத்தாதீர்கள். ஒலிப்பதிவு இயந்திரம் மெதுவாக ஓடியதால் அதன் முதற் பக்கம் சற்றே ஏறிய சுருதியில் வெளியாகி, 1990-களில்தான் திருத்தப்பட்டது. ஊசி அழுத்தத்தைப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு கிராமுக்குள், ஊசியோடு வந்த குறிப்பின்படி வையுங்கள். எல்பி ஊசியால் 78 தட்டை ஓட்டாதீர்கள். அதன் வரி மூன்று மடங்கு அகலமானது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பூஞ்சணம் பிடித்த தட்டை, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டிய பிறகே கழுவ வேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் காய்ந்தபின் படிவு விடும்; எரிபொருள் நிலையத்தில் கிடைக்கும் வடித்த நீரை வாங்குங்கள். போத்தல் மாறி பற்றரி அசிட்டை வாங்கிவிடக் கூடாது. நான்கில் மூன்று பங்கு வடித்த நீரும் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் அல்ககோலும் கலந்து, வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வடித்த நீரால் மட்டும் மறுபடி அலசி, லேபல் நனையாமல் நிறுத்தி உலர விடுங்கள். 78 அரக்குத் தட்டில் அல்ககோல் ஒரு துளியும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

ரெக்கோடிங் பார்களில் எண்பதுகளில் பதிந்து வாங்கிய ரொக் கசெட்டுகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் ஓட்டிப் பார்க்க அவசரப்படாதீர்கள். அது பூஞ்சணம்; நாடாவைப் படிக்கும் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் பரவும். அத்தகையவற்றுக்கென்றே மலிவான பழைய பிளேயர் ஒன்றைத் தனியாக வைத்து, ஒவ்வொரு கசெட்டுக்குப் பிறகும் ஹெட்டைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஓட்டத்தில் கணினிக்குப் பதிந்துவிடுங்கள்.