இங்கிலாந்து வரும் ஆச்சிமார்களுக்கு: கால் ஆணி மருந்தை அங்கே தடவாதீர்கள்

வீடு, வங்கிக் கணக்கு, பஸ் அட்டை எல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். வந்த வாரமே பக்கத்து ஜிபியில் (குடும்ப டாக்டர்) பெயரைப் பதிந்துவிடுங்கள், காசு கிடையாது. நான் சொல்ல வந்தது வளவில் உட்கார்ந்து பேச முடியாத விஷயம்: பிறப்புறுப்பில் வரும் மரு.

ஊரில் மரு வந்தால் ஊருணியில் உப்பும் மிளகும் போடுவோம். அப்பத்தா சுண்ணாம்பு தடவிவிடும். அதுவும் கேட்காவிட்டால் மெடிக்கல். அந்தப் பழக்கத்தில்தான் நான் மாட்டினேன். காரைக்குடியில் வாங்கி வந்த கால் ஆணி மருந்து, மூடியிலேயே பிரஷ் வைத்த குட்டிக் குப்பி, பெட்டியில் கிடந்தது. சாலிசிலிக் அமிலம். மூன்று ராத்திரி தடவினேன். நான்காம் நாள் ஒன்றுக்குப் போகவே அழுதேன். கிளினிக்கில் நர்ஸ் பார்த்துவிட்டு, புண் ஆறாமல் எதையும் தொடங்க முடியாது என்றார். மூன்று வாரம் வீண்.

இத்தனைக்கும் பாலியல் நல கிளினிக்குக்கு ஜிபி சீட்டு வேண்டாம், விசா எதுவானாலும் சிகிச்சை இலவசம். இது தெரியாமல்தான் பயந்து கிடந்தேன்.

அங்கே என்ன தருவார்கள்? மரு மென்மையாக இருந்தால் பொடோபிலாக்ஸின்: தினம் இரண்டு வேளை மூன்று நாள், பிறகு நான்கு நாள் ஓய்வு, இப்படிச் சில வாரம். கண்ணாடி வைத்துப் பார்த்துத் தடவ வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. இமிக்விமாட் கிரீம் வாரம் மூன்று ராத்திரி, 16 வாரம் வரை. பொறுமை வேண்டும், தோல் சிவக்கும், ஆணுறையையும் பலவீனமாக்கும். தடித்த மருவுக்குத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள், கர்ப்பத்திலும் செய்யலாம். ஆனால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பெரிதாக இருந்தால் வெட்டுவார்கள், அல்லது சுடுவார்கள். நான் உறைய வைப்பதைத்தான் கேட்டு வாங்கினேன். இன்னொரு முறை நானே தடவிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

மரு வருவது எச்பிவி என்ற வைரஸால். "வைரஸ் செத்துப்போகுமா?" என்று நர்ஸிடம் கேட்டேன். எதுவும் வைரஸைக் கொல்லாதாம். மருவைத்தான் எடுக்கும், திரும்பவும் வரலாம். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அடக்கிவிடுமாம். அப்புறம், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டும் வெளியே தெரியும். அதனால் யாரால் வந்தது என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

எச்பிவியில் பல வகை உண்டு. மரு தருவது பெரும்பாலும் 6, 11 வகைகள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் 16, 18ஆல் வருவது. அதற்கு மரு கிரீம் எதுவும் உதவாது, கருப்பை வாய்ப் பரிசோதனைதான். ஜிபியில் பதிந்திருந்தால் 25 வயதை ஒட்டி அழைப்பு வரும். நம் ஊரில் வலி வந்தால்தான் டாக்டர். இங்கே ஒன்றும் இல்லாதபோதே கூப்பிடுகிறார்கள் என்று சிரிக்காமல் போய் வாருங்கள்.

அந்தக் குப்பியை இன்னும் தூக்கிப் போடவில்லை. கால் ஆணிக்கு நன்றாகவே கேட்கிறது.