செக்மேட் புதிர்: புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

'வெள்ளை ஆடி, இரண்டாவது நகர்த்தலில் மேட்' (கருப்பு ராஜா தப்ப வழியில்லாமல் மாட்ட வேண்டும்) என்று செஸ் புதிர் கொடுத்தால், முதலில் செக் வைத்துப் பார்ப்பதும், கண்ணில் படும் காயை வெட்டிப் பார்ப்பதும் எல்லாரும் செய்வதுதான். நாலு புதிர் போட்டால் அது தானாகப் போய்விடும். சொல்லிச் சொல்லியும் போகாதவை வேறு.

கருப்பின் 'சொத்தை' நகர்த்தலை எண்ணாமல் விடுவது

பிள்ளைகளுக்கு நான் முதலில் வைப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் செஸ் வீரர் பால் மார்ஃபி பெயரில் வழங்கும் பழைய புதிர். காய்கள் ஏழுதான் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கருப்பு: ராஜா ஏ8, மந்திரி (பிஷப்) பி8, சிப்பாய்கள் ஏ7, பி7.

"மந்திரி நகர்ந்தால் யானை ஏ7-ஐ வெட்டி மேட். அதனால் யானையைச் சும்மா ஏ2-க்கு நகர்த்திவிட்டுக் காத்திருக்கலாம்" என்பார்கள். மந்திரி எந்தக் கட்டத்துக்குப் போனாலும் மேட் விழுவது உண்மைதான். ஆனால் அந்த ஏ7 சிப்பாய்? ராஜாவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் வெட்ட முடியாது, சரி. நேராக ஏ6-க்கோ ஏ5-க்கோ போக என்ன தடை? போய்விட்டால் அடுத்த நகர்த்தலில் மேட் கிடையாது. இதைக் காட்டியதும் ஒரு பையன், "கருப்பு ஏன் சார் அதைப் போய் ஆடப் போறான்?" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறும் கேள்வி இது. தப்பிக்க வேறு வழி இல்லையென்றால் அதைத்தானே ஆடுவான்!

விடை, யானை ஏ6. ஏ7 சிப்பாயின் வழி அடைபடுகிறது. இனி கருப்பால் ஏழே நகர்த்தல்கள்தான் ஆட முடியும்: மந்திரிக்கு ஆறு, பி7 சிப்பாய் யானையை வெட்டுவது ஒன்று. மந்திரி நகர்ந்தால் யானை ஏ7-ஐ வெட்டி மேட். சிப்பாய் வெட்டினால் வெள்ளைச் சிப்பாய் பி7-க்கு ஏறி மேட். யானை ஏ6-க்குப் போனதில் மிரட்டல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கருப்பு சும்மா இருக்க முடிந்தால் தப்பித்துவிடும்; ஆடியே தீர வேண்டும் என்பதால்தான் மாட்டுகிறது.

ஆகவே கருப்பின் நகர்த்தல்களை ஒன்று விடாமல் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மேட்டை எழுதுங்கள். ஒரு இடம் காலியாக இருந்தாலும் முதல் நகர்த்தல் தப்பு. புதிர் அமைப்பவர்கள் ஒரே ஒரு பதிலால் உடையும் போலி விடைகளை வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். உலகப் புதிர் விடுவிப்புப் போட்டியில் இரண்டு நகர்த்தல் புதிர்கள் மூன்று; நேரம் 20 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. 'கிட்டத்தட்ட சரி'க்கு அங்கே பூஜ்யம்தான்.

கணினியிடம் கேட்பது

கேட்காதீர்கள்.

கேஸ்லிங், ஆன் பசான் விதிகளைக் குழப்புவது

ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது கேஸ்லிங். புதிரில், ராஜாவோ யானையோ முன்பே நகர்ந்திருக்கிறது என்று பலகையை வைத்து நிரூபிக்க முடியாதவரை அது செல்லும். ஆன் பசான் (இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயை, ஒரு கட்டமே நகர்ந்ததுபோல் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) இதற்கு நேர் எதிர்: எதிராளியின் கடைசி நகர்த்தல் அந்தச் சிப்பாயின் இரண்டு கட்டப் பாய்ச்சல்தான் என்று நிரூபித்தால் மட்டுமே செல்லும். பலர் இதை மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எட்டாம் வரிசை என்றால் ராணி

சிப்பாய் எட்டாம் வரிசையைத் தொட்டதும் ராணியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை; குதிரையாக மாற்றியும் பாருங்கள்.

காய்களை நகர்த்திவிட்டுத் தப்பாகத் திருப்பி வைப்பது

பலகையில் ஆடிப் பார்ப்பதில் தவறில்லை, போட்டியிலேயே அனுமதி உண்டு. ஆனால் அச்சிட்ட படம் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தே திருப்பி அடுக்குங்கள். மேலே சொன்ன புதிரில் பி6 சிப்பாயைத் தெரியாமல் பி5-ல் வைத்துவிட்டால், ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் விடை வராது.