கழற்றிய பெட்ரோல் டேங்கைத் திரும்ப ஏற்றும்போது பட்டைகளைச் சரியாகப் பூட்டுவது எப்படி

பம்ப் மாற்றவோ, ஹோஸ் மாற்றவோ, டேங்கின் தலையில் ஏறிய துருவைப் பார்க்கவோ காரின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே இறக்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். இறக்குவது பெரிய விஷயமில்லை, இரண்டு பட்டையைக் கழற்றினால் தானாக வந்துவிடும். திரும்ப ஏற்றும்போதுதான் அவசரம் வந்துவிடுகிறது, வேலை முடிந்த சோர்வில் பட்டையை மாட்டி போல்ட்டை இறுக்கிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஆனால் 40 லிட்டர் பெட்ரோல் என்றால் சுமார் 30 கிலோ, அதோடு டேங்கின் எடையும் சேர்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கிக்கொண்டே அந்த இரண்டு தகரப் பட்டைகளில்தான் தொங்குகிறது.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேங்கைத் தூக்குவது ஜாக்கியின் வேலை, தூக்கி வைத்ததைப் பிடித்துக்கொள்வதுதான் பட்டையின் வேலை. டேங்க் இரண்டு அங்குலம் கீழே தொங்கும்போதே போல்ட்டை மாட்டி, திருகித் திருகி மேலே இழுத்தால் மரை போகும், பட்டை வளைவில் நீளும், டேங்க் ஒரு பக்கம் கோணலாக உட்காரும், மேலே ஏதாவது குழாய் நசுங்கியிருந்தாலும் கைக்குத் தெரியாது. இனி சொல்லப்போவது எல்லாம் இதை ஒட்டித்தான்.

சில வண்டிகளில் பட்டையே இருக்காது, டேங்கின் விளிம்பிலேயே போல்ட் போட்டு பாடியில் பிடித்திருப்பார்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று குனிந்து பார்த்துவிட்டுப் படியுங்கள். டீசல் வண்டிக்கும் பட்டை விஷயம் இதேதான்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற சரக்கு அது, மதுரைச் சித்திரை வெயிலில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஷட்டரை இறக்கிவிட்டு நிழலுக்காக உள்ளே வைத்து வேலை செய்வது கூடவே கூடாது. போர்ட்டிகோவாக இருந்தாலும் பக்கத்தில் சமையலறை ஜன்னல், பூஜை அறை விளக்கு, தண்ணீர் மோட்டார் சுவிட்ச், இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வேலை முடியும்வரை அந்தப் பக்கம் எதையும் பற்றவைக்கவோ சுவிட்ச் போடவோ வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், காற்றோட்டமான திறந்த இடத்தில் செய்வது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியே இருக்கட்டும். வயர் இழுத்துத் தொங்கவிடுகிற குண்டு பல்பு வேண்டாம், எல்.இ.டி டார்ச் போதும், அதையும் வண்டிக்கு வெளியிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது, ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துவிடும். நல்ல ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வடித்த பெட்ரோலை வீட்டில் கிடக்கும் 20 லிட்டர் குடிநீர்க் கேனில் வைக்க வேண்டாம், பெட்ரோலுக்கென்று விற்கிற, மூடி இறுக்கமாக உள்ள கேனில் வைத்து, வெயில் படாமல் வீட்டுக்கு வெளியே வையுங்கள். டேங்கில் ஓட்டை இருந்து வெல்டிங் வேண்டும் என்றால் அதை வீட்டில் தொடவே வேண்டாம். காலி டேங்க் என்று நினைப்பதில்தான் ஆவி நிறைந்திருக்கும், வெடிப்பதும் அதுதான்.

சரி, இப்போது பட்டைக்கு வருவோம்.

இறக்கிய பட்டையைக் கழுவாமல் அப்படியே எடுத்துப் பாருங்கள். திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் கரிசல் ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால், பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் கரிசல் மண் அப்பளம் போலக் காய்ந்து ஒட்டியிருக்கும். கரிசல் மண் தண்ணீரை லேசில் விடாது, ஐப்பசி மழையில் உள்ளே போன ஈரம் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதனால்தான் வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும் பட்டை, உள்பக்கம் செதில் செதிலாகத் துரு உதிர்க்கிறது. மண்ணைக் கழுவி, டேங்கை விட்டுத் தள்ளி வந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மூன்று இடங்களைக் கவனமாகப் பாருங்கள்: பாடியில் கோர்க்கிற கொக்கி முனை, போல்ட் ஓட்டையின் சுற்று, பட்டை வளைகிற இடம். வளைவின் வெளிப்பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தால், நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், நகம் தட்டினால் அது விரிசல். ஸ்குரூ டிரைவர் முனையால் துருவைக் குத்தும்போது தகடு உள்ளே அமுங்கினாலும், விளிம்பு பல் பல்லாகத் தின்னப்பட்டிருந்தாலும் அந்தப் பட்டை வேண்டாம். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இரண்டும் ஒரே தண்ணீரையும் ஒரே மண்ணையும்தான் பார்த்திருக்கும்.

பழைய வண்டி, பட்டை கடையில் கிடைக்கவில்லை என்றால் பட்டறையில் அடித்து வாங்கலாம். பழையதையே மாதிரிக்குக் கொண்டுபோய், அதே அகலம், அதே கனம், அதே வளைவு, விளிம்பை அரம் போட்டு மழுக்கித் தரச் சொல்லுங்கள். பழைய பட்டையின் விரிசலில் வெல்டிங் வைத்து ஒட்டுவது, இரும்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவது, கேபிள் டை போடுவது, இவையெல்லாம் வீட்டு வாசலிலிருந்து பட்டறைவரைகூட ஓட்டுவதற்கு லாயக்கில்லை.

பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பரோ கம்பளித் துணி மாதிரியான ஒரு பட்டியோ ஒட்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் கிழிந்தது என்று பிய்த்துப் போட்டுவிடுகிற சாமான் இதுதான், எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. அது இல்லாவிட்டால் இரும்பு டேங்கில் பட்டை உரசி பெயிண்டைத் தின்று அந்த இடத்திலேயே ஓட்டை விழும், பிளாஸ்டிக் டேங்க் என்றால் பட்டை விளிம்பு மெல்ல மெல்ல வெட்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு, பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதிக் குழைந்துவிடும், வேண்டாம். பெட்ரோல் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் ஷீட் என்று கேட்டு வாங்கி, பட்டையைவிட இரு பக்கமும் கொஞ்சம் வெளியே வருகிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். பட்டைக்கு ஜிங்க் பிரைமர், மேலே கருப்பு பெயிண்ட், ஒரு நாள் முழுக்கக் காயட்டும், அப்புறம் ரப்பரை வையுங்கள்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். தலையில் 8.8 என்று (போல்ட்டின் பலத்தைக் குறிக்கிற எண்) பொறித்திருந்தால் கடையிலும் 8.8 என்றே கேளுங்கள், நீளமும் மரையும் பழையதோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். நைலான் வளையம் உள்ள லாக் நட்டை ஒருமுறை கழற்றினால் புதிது போடுவதுதான் முறை. பாடியில் வெல்டிங் செய்த நட் துருவேறியிருந்தால் டேங்க் மேலே போவதற்கு முன்பே சுத்தம் செய்துவிடுங்கள், டேங்க் ஏறியபிறகு அங்கே கை போகாது.

இப்போது ஏற்றுவது. கூட ஒரு ஆள் வேண்டும், தம்பியோ மச்சானோ, சொன்னால் சொன்ன இடத்தில் நிறுத்துகிற ஆளாக இருக்க வேண்டும். ஜாக்கியின் தலையில் நேராக டேங்கை வைக்காதீர்கள், அகலமான பலகையோ கனமான பிளைவுட்டோ வைத்து அதன்மேல் டேங்கை உட்காரவையுங்கள். பம்ப் இருக்கும் வாயின் சீல் புதிதா, அதைப் பூட்டும் வளையம் முழுக்கத் திரும்பியிருக்கிறதா என்று தரையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பாதி தூரம் ஏற்றி நிறுத்துங்கள். டேங்கின் தலைக்கும் பாடிக்கும் நடுவில் கை போகிற அளவுக்கு இடம் இருக்கும்போதே பெட்ரோல் லைன், ரிட்டன் லைன் இருந்தால் அது, ஆவிக் குழாய், பம்ப்பின் வயர் சாக்கெட், இரும்பு டேங்க் என்றால் எர்த் வயர், எல்லாவற்றையும் மாட்டிவிட வேண்டும். எர்த் வயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பெட்ரோல் போடும்போது சேரும் நிலைமின்சாரம் பாடிக்கு இறங்குவது அதன் வழியாகத்தான். பிளாஸ்டிக் கப்ளர் ‘டக்’ என்று சத்தம் கொடுத்தாலும் நம்பிவிடாமல் பின்னால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயின் ரப்பர் ஹோஸை மாட்டி, கிளிப்பை இப்போதைக்குத் தளர்வாக விடுங்கள்.

அங்கிருந்து மெதுவாக, அரை அங்குலம் ஏற்றுவது, டார்ச் அடித்துச் சுற்றிப் பார்ப்பது, மறுபடி அரை அங்குலம். பின் பிரேக்குக்குப் போகும் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், வயர் கட்டு இவை டேங்குக்கும் பாடிக்கும் நடுவிலோ பட்டைக்கு அடியிலோ மாட்டிக்கொள்ளக் கூடாது. டேங்கின் தலை பாடியில் உள்ள ரப்பர் மெத்தைகளில் நான்கு பக்கமும் ஒரே மாதிரி போய் உட்கார வேண்டும். ஒரு மூலை மட்டும் உட்கார மறுத்தால் ஜாக்கியை இன்னும் அழுத்தாதீர்கள், இறக்கிப் பாருங்கள், ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது.

டேங்க் முழுக்க உட்கார்ந்தபிறகுதான் பட்டை. இடது வலது, முன் பின் மாறிவிடாமல் கொக்கி முனையைப் பாடியின் ஓட்டையில் கோர்த்து, பட்டையை டேங்கில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் படியவைத்து, மறுமுனையின் ஓட்டை போல்ட் இடத்துக்கு நேராக வருகிறதா பாருங்கள். டேங்க் சரியாக உட்கார்ந்திருந்தால் அநேகமாக நேராகவே வந்து நிற்கும், வராவிட்டால் டேங்கைத்தான் மறுபடி பார்க்க வேண்டும், ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி ஓட்டையைச் சேர்க்க வேண்டாம். போல்ட்டை வெறும் விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்குச் சுற்றாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போட்டால் மரை குறுக்கே ஏறிவிடும். இரண்டு பட்டையும் கையால் மாட்டியபிறகு, இதில் இரண்டு சுற்று அதில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். அதுவரை ஜாக்கி அங்கேயே இருக்கட்டும்.

எவ்வளவு இறுக்குவது? உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டுகிற ஸ்பேனர்) வைத்து. 8 மில்லிமீட்டர், 8.8 வகை போல்ட் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பதற்காகப் பட்டைக்கும் அதையே வைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் டேங்க் அதற்கு முன்பே அமுங்க ஆரம்பிக்கலாம். சில வண்டிகளில் கொக்கி போல்ட்டின் மரை இத்தனை மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும் என்றுதான் அளவே கொடுத்திருப்பார்கள். மரையில் ஆயில் பூசியிருந்தால் அதே டார்க்கில் போல்ட் இன்னும் அதிகமாக இறுகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இறுக்கியபின் ஜாக்கியை இறக்கி, கழுத்து ஹோஸின் கிளிப்பை இப்போது இறுக்குங்கள், சைலன்சர் பக்கத்து வெப்பத் தகட்டைக் கழற்றியிருந்தால் அதையும் மறக்காமல் மாட்டுங்கள்.

டேங்கின் அடியில் கைமுட்டியால் குத்திப் பாருங்கள், ‘லொட லொட’ சத்தம் வரக்கூடாது. பேட்டரியை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் மூன்று நான்கு முறை போட்டு அணையுங்கள், பம்ப் ஓடி லைனில் பிரஷர் ஏறும், அப்போது ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். 5 லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்ப்பது போதாது. தலையில் உள்ள சீலும் கழுத்து ஹோஸும் கசிகிறதா என்பது ஃபுல் டேங்க் அடித்தால்தான் தெரியும், அதனால் பங்கில் நிரப்பிவிட்டு அங்கேயே ஓரமாக நிறுத்தி ஒருமுறை குனிந்து பாருங்கள்.

ஓட்டிப் பார்க்க மதுரை நத்தம் ரோடு மேம்பாலம் வேண்டாம், 7.3 கிலோமீட்டரும் வழுவழுப்பாகப் போய்விடும், ஒன்றும் தெரியாது. வேகத்தடையும் குழியும் உள்ள தெருக்களில், ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டை அணைத்துவிட்டுப் போங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்றாலோ, உள்ளே பெட்ரோல் வாடை வந்தாலோ வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள், அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

ரப்பர் அமுங்கிப் படிய கொஞ்சம் ஓட வேண்டும், அது படிந்ததும் போல்ட் லேசாகத் தளரும். அதனால் முதலிலேயே போல்ட் தலையிலிருந்து பட்டைவரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 100, 200 கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்ச் வைத்து அதே அளவுக்கு ஒருமுறை பாருங்கள், போல்ட் கொஞ்சம் நகர்ந்தால் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கப்புறம் கோடு விலகியிருக்கிறதா என்று ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும், மழைக்காலம் முடிந்ததும் பட்டை இடுக்கில் சேர்ந்த மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.