விரலை மூடாத கையுறை: குளிர்காலத்துக்கு ஒரு சின்னப் பரிசு

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பகலிலேயே லைட் போட வேண்டும். அப்புறம் ஊட்டியில் உறைபனி. இந்த மாதங்களில் நான் பிறருக்குப் பின்னிக் கொடுப்பது ஸ்வெட்டரோ மஃப்ளரோ இல்லை. அவை எல்லோரிடமும் இருக்கின்றன. உள்ளங்கையையும் மணிக்கட்டையும் மூடி, விரல்களை வெளியே விடும் கையுறைதான். பூ கட்டும் அக்கா, சில்லறை எண்ணும் கண்டக்டர், மெஷினில் உட்காரும் டெய்லர், இவர்களுக்கெல்லாம் விரல் மூடினால் வேலை ஓடாது.

நடுத்தரத் தடிமனுள்ள உல்லன் நூல் 50 கிராம் ஒரு ஜோடிக்குப் போதும். ஊசி 4 மி.மீ.; கடையில் எட்டாம் நம்பர் என்று கேளுங்கள். நிறம் முக்கியம். சாம்பலும் பழுப்பும் வேண்டவே வேண்டாம், வெளியே பார்த்தால் அதுதான் தெரிகிறது. சாமந்தி மஞ்சள், மிளகாய்ச் சிவப்பு, கிளிப்பச்சை எடுங்கள்.

நூல் முனையை ஒரு முழம் தொங்கவிட்டு 36 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றுங்கள். எல்லா வரிசையும் நிட் என்னும் நேர்ப்பின்னல் மட்டும்தான், பர்ல் என்னும் மறுபக்கப் பின்னல் கிடையாது. இரண்டு வரிசை முடிந்தால் தேயிலைச் சரிவு மாதிரி ஒரு மேடு எழும்பும். வரிசையை எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் மேட்டை எண்ணுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பின்னல், மேடு அடுக்கிக்கொண்டு போகும் திசையில்தான் நன்றாக இழுபடும். அதனால் கையுறையைப் பக்கவாட்டில் பின்னுகிறோம். 36 கண்ணி கையின் நீளத்துக்கு வரும், சுமார் 17 செ.மீ.; மேடுகள் கையைச் சுற்றி வரும். எலாஸ்டிக் இல்லாமலே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கைச்சுற்றளவைவிட இரண்டு செ.மீ. குறைவாகவே நிறுத்துங்கள். பெண்கள் கைக்கு 32 மேடு சரியாக இருக்கும், பெரிய கைக்கு 36. சந்தேகமாக இருந்தால் ஊசியில் இருக்கும்போதே கையில் சுற்றிப் பாருங்கள்.

கண்ணிகள் பிரியாதபடி ஓரத்தை மூடி முடித்து, பின்னிய துண்டை மடித்து, ஏற்றிய ஓரத்தையும் முடித்த ஓரத்தையும் சேர்த்து வையுங்கள். தொங்கவிட்ட நூலால் கீழிருந்து 8 செ.மீ. தையுங்கள். கட்டைவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மேலே மீதி 4 செ.மீ. தையுங்கள். இடைவெளியின் இரு முனைகளிலும் இரண்டு தையல் கூடப் போடுங்கள், பிரிவது அங்கேதான். விரல் துளை தையலிலேயே அமைவதால் இடது, வலது என்ற பேதம் இல்லை. இன்னொன்றையும் இதே மாதிரி பின்னினால் போதும்.

கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் உல்லன் பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. மழைநாளில் துணி காயாது என்று அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாலோ, இஸ்திரி வைத்தாலோ தொய்ந்துவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது. துவாலையில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் பரப்பிப் போட்டால் போதும்.