தரம் 6இன் புதிய பெற்றாருக்கு அறிமுகக் கூட்டம்: முதன்முதலாக நடத்தும் பகுதித் தலைவருக்கு

தரம் 5 வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வகுப்பு ரீச்சரைத் தெரிந்து வைத்திருந்த அம்மா, தரம் 6இல் பத்துப் பன்னிரண்டு பாட ஆசிரியர்களையும், பாடத்துக்குப் பாடம் அடிக்கும் மணியையும், மாடிக் கட்டடத்தையும் பார்த்துத் தடுமாறுவார். அவருக்காகத்தான் இந்தக் கூட்டம். ஆனால் பல இடங்களில் என்ன நடக்கிறது? வரவேற்புரை, தலைமையுரை, பாடசாலை வரலாறு, பழைய மாணவர் சங்க உரை என்று இரண்டு மணித்தியாலம் போகும். முடிந்ததும் அந்த அம்மா வெளியே வந்து வாசற் காவலாளியிடம் கேட்பார்: “தம்பி, சப்பாத்து கறுப்பா வெள்ளையா?”

அந்தக் கேள்வி வாசலுக்குப் போகாதபடி கூட்டத்தை நடத்துவது எப்படி என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறோம். கணக்குகள் எல்லாம் 3 வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், மொத்தம் 120 பிள்ளைகள் என்று வைத்துப் போட்டவை. உங்கள் தொகைக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள்.

படி 1: நாளும் நேரமும்

பாடசாலை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் வையுங்கள். அதற்குப் பிந்தினால் பிழையான கொப்பி, பிழையான சீருடை எல்லாம் வாங்கி முடிந்திருக்கும்.

ஆண்டின் தொடக்கத்தில் கூட்டம் வந்தால் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் இரண்டு இடைஞ்சல். ஒன்று மழை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வருகிறவர்கள் வெள்ள நாளில் வர மாட்டார்கள். ஆகவே முதல் கடிதத்திலேயே மாற்று நாளையும் போட்டுவிடுங்கள். மற்றது பெரும்போக நெல் வெட்டு. அது தொடங்கிவிட்டால் வயலுக்குப் போகிற வீட்டில் பகலில் ஆள் பிடிக்க முடியாது. கிழமை நாளில் கூப்பிட்டால் நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். சனிக்கிழமை காலை 9.00 முதல் 10.30 வரை என்பதே எங்கள் தெரிவு. முஸ்லிம் பெற்றார் இருக்கும் பாடசாலை என்றால் வெள்ளிக்கிழமையை யோசிக்கவே வேண்டாம்.

படி 2: கடிதம்

“பெற்றார் கட்டாயம் சமுகமளிக்கவும்” என்ற ஒரு வரி செய்யும் சேதம் கொஞ்சமல்ல. தாய் வெளிநாட்டில், தகப்பன் கடலில் அல்லது கொழும்பில், பிள்ளை அம்மம்மாவோடு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படியான வீடுகள் எத்தனையோ. அந்த வரியைப் படித்த அம்மம்மா “என்னை இல்லப் போல” என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். வர வேண்டியவரே அவர்தான். இப்படி எழுதிப் பாருங்கள்:

“உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரைச் சந்திக்க வாருங்கள். தாய், தந்தை, அல்லது பிள்ளை யாருடைய வீட்டில் இருக்கிறதோ அவர் வரலாம். கைக்குழந்தையோடும் வரலாம். தொடக்கம் 9.00, முடிவு 10.30. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றும் ஒரு பேனாவும் கொண்டு வாருங்கள். அன்று பணம் எதுவும் அறவிடப்படாது.”

கடைசி வரி முக்கியம். கூட்டம் என்றாலே காசு என்று நினைப்பவர்கள் பலர். கையில் இல்லாத நாளில் அவர்கள் வர மாட்டார்கள். முடியும் நேரத்தையும் விடாமல் போடுங்கள், பஸ்ஸுக்கு நேரம் பார்ப்பவருக்கு அது வேண்டும். அடியில் கிழித்து அனுப்பும் துண்டு ஒன்று வையுங்கள்: வருபவர் பெயர், பிள்ளைக்கு என்ன உறவு, கையொப்பம். துண்டு வராத பிள்ளைகளின் பட்டியலை இரண்டு நாளுக்கு முன் வகுப்பாசிரியர் கையில் கொடுத்தால், ஒரு போன் அழைப்பில் பாதிப் பேரையாவது பிடித்துவிடலாம்.

படி 3: கைநூல்

ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். இரண்டு தாள் என்றால் எட்டுப் பக்கம், அது போதும். 130 பிரதிக்கு 260 தாள், வகுப்பறையில் நிரப்பும் தகவல் படிவத்துக்கு 130 தாள், மொத்தம் 390. 500 தாள் கொண்ட ஒரு கட்டில் எல்லாம் முடிந்து மிச்சமும் வரும். எழுத்து 13 அல்லது 14 அளவில் இருக்கட்டும், அம்மம்மாவும் வாசிக்க வேண்டும்.

முதற்பக்கத்தில் அதிபரின் ஆசிச்செய்தியைப் போடாதீர்கள். அங்கே வர வேண்டியது யாரிடம் எதற்குப் போவது என்ற பட்டியலும் அலுவலகத் தொலைபேசி இலக்கமும். ஆசிரியர்களின் சொந்த இலக்கங்களை அச்சிடவே கூடாது. அடுத்த பக்கங்களில் நாளாந்த நேரசூசி, சீருடை, வரவும் விடுமுறையும், கொப்பிப் பட்டியல், தவணைப் பரீட்சை, பணம், முறைப்பாடு. சீருடையை வார்த்தையில் விவரிக்காமல் ஒரு ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் கோட்டுப் படமாக வரைந்து சப்பாத்து, காலுறை, ரை, தலைப்பின்னல் என்று அம்புக்குறி போடுங்கள். முஸ்லிம் மாணவிகள் படிக்கும் பாடசாலையில் அவர்களது சீருடைக்கும் ஒரு படம் வேண்டும்.

கொப்பிப் பட்டியலைப் பாட ஆசிரியர்களிடம் கேட்காமல் போன வருடத்துப் பட்டியலைப் பார்த்து எழுதினால், எட்டுப் பாடத்துக்குக் கோடு போட்ட சீ.ஆர். கொப்பி வாங்கி வந்த பிள்ளையிடம் கணித ஆசிரியர் சதுரக் கொப்பி கேட்பார். இலவசமாகக் கிடைப்பவை (பாடநூல், சீருடைத் துணி), பெற்றார் வாங்க வேண்டியவை என்று இரண்டு நிரலாகப் பிரித்துப் போடுங்கள்.

படி 4: இலக்கைப் பெற்றாரின் கண்ணால் காட்டுதல்

தூரநோக்கும் பணிக்கூற்றும் எல்லாப் பாடசாலைச் சுவரிலும் இருக்கின்றன. அவற்றை வாசித்துக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் ஏறாது. வரலாறும் அப்படித்தான். 1814இல் தொடங்கிய கல்லூரி இருக்கும் ஊர் மட்டக்களப்பு, அந்த வயதுப் பாடசாலைக்குக்கூட ஐந்து நிமிடம் போதும்.

பதிலாக, கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டு 6, 9, 11, 13 என்று நான்கு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று பேசுங்கள்.

தரம் 11இல் சாதாரண தரப் பரீட்சைக்கு 9 பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற ஆறும் எல்லாருக்கும் பொது. மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து தெரிய வேண்டும். உயர்தரம் படிக்கப் பொது விதி, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடத்தில் சித்தி, அவற்றில் 3 பாடத்தில் திறமைச் சித்தி. திறமைச் சித்தி என்றால் ‘சீ’ அல்லது அதற்கு மேல், அதாவது 50 புள்ளியிலிருந்து. 35இலிருந்து 49 வரை வெறும் ‘எஸ்’. இதைச் சொன்னவுடன் “என்ட பிள்ளைக்குக் கணக்கில 38, பாஸ்தானே” என்று நினைத்திருந்த தகப்பன் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு கோட்டின் தொடக்கத்துக்கு வாருங்கள். தரம் 6இல் கணிதம் சறுக்கினால் தரம் 10இல் பிடிப்பது கஷ்டம். ஆகவே முதலாம் தவணையில் பாடசாலை என்ன செய்யப்போகிறது, வீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். “படிக்கச் சொல்லுங்க” என்று பொதுவாகச் சொல்லி விடாதீர்கள். “இரவு கணிதக் கொப்பியைத் திறந்து அன்றைய திகதி இருக்கிறதா என்று பாருங்கள்” என்றால் எழுத்துக் கூட்டி வாசிக்கிற அம்மாவும் செய்வார்.

இங்கே ஒளிக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. பாடசாலை 1ஏபி வகையென்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சீ வகையென்றால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 என்றால் தரம் 11ஓடு பிள்ளை வேறு பாடசாலை தேட வேண்டும். டொக்டர் கனவோடு வந்த பெற்றாருக்கு இதை ஆறாம் தரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆறு வருடம் கழித்துத் தெரியவந்தால் அந்தக் கோபம் நியாயமானது. இருமொழி வகுப்பு இருந்தால் எந்தப் பாடங்கள் ஆங்கிலத்தில், தெரிவு எப்படி, கஷ்டப்பட்டால் தமிழ் வகுப்புக்கு எப்போது மாறலாம் என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியை மண்டபத்தில் வாசிக்கவே வேண்டாம். வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையின் தாயும் அங்கேதான் இருக்கிறார்.

படி 5: விதிகள்

ஒவ்வொரு விதியையும் மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள்: என்ன, ஏன், முடியாத நாளில் என்ன செய்வது. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். “7.30க்குப் பின் வாசல் பூட்டப்படும்” என்று மட்டும் சொன்னால், பஸ் பிந்திய நாளில் பிள்ளை பயத்தில் திரும்பிப் போகும், அல்லது கடைத்தெருவில் நிற்கும். “பிந்தினால் அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் பதிந்து துண்டு வாங்கி வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள்” என்பதும் சேர வேண்டும்.

வரவு பற்றிப் பேசும்போது ஊர் நடைமுறையைத் தெரிந்து பேசுங்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போனால் இரண்டு மூன்று கிழமை போகும். கண்ணகி அம்மன் சடங்கு, ஐயப்ப மாலை, நோன்பு, எல்லாம் உண்டு. “போக வேண்டாம்” என்று மேடையில் சொல்வதால் யாரும் நிற்கப்போவதில்லை. “போக ஒரு கிழமைக்கு முன் கடிதம் தாருங்கள், விடுபடும் பாடத்துக்குக் கொப்பி தருகிறோம்” என்றால் கடிதம் வரும். சாமத்தியம், அதாவது பெண் பிள்ளை பெரியவளாவது, இன்னும் கவனமாகத் தொட வேண்டியது. தரம் 6, 7இல்தான் அது வரும். சடங்கு முடியும் வரை பிள்ளையை நாட்கணக்கில் வீட்டில் வைத்திருப்பார்கள். இதை ஒரு பெண் ஆசிரியர், வகுப்பறையில், தாய்மாரிடம் சொல்வதே சரி: சடங்கைப் பிறகு விடுமுறையில் வைக்கலாம், பிள்ளை ஒரு கிழமையில் வரட்டும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பதையும், அந்தப் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன் கொண்டு வரக்கூடாது. பிடிபட்டால் பிள்ளையிடம் திருப்பித் தராமல் பெற்றாரைக் கூப்பிட்டுக் கையொப்பம் வாங்கிக் கொடுப்போம் என்று முன்கூட்டியே சொன்னால், அன்றைக்கு வாய்த்தர்க்கம் இராது.

அடி. எந்தக் கூட்டத்திலும் ஒரு தகப்பன் எழும்பி, “கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சேர், நான் கேட்க வர மாட்டன்” என்பார். மண்டபம் சிரிக்கும். நீங்களும் சேர்ந்து சிரித்தால் பாடசாலையின் கொள்கை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் உடல் தண்டனைக்கு இடம் தரவில்லை. “அடிக்க எங்களுக்கு அனுமதி இல்லை ஐயா. உங்கள் அனுமதியும் செல்லாது. பிழை செய்தால் உங்களைக் கூப்பிடுவோம், வாங்க, அது போதும்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். முறைப்பாடு இருந்தால் வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர், வலயக் கல்வி அலுவலகம் என்ற வரிசையையும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தையும் கைநூலில் அச்சிடுங்கள். இலக்கத்தைப் போட்டால் முறைப்பாடு கூடும் என்று சில அதிபர்கள் தயங்குவார்கள். வாசலில் நின்று சத்தம் போடுவது குறையும் என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

பணத்தை மேலோட்டமாகச் சொல்லக் கூடாது. வசதிக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா என்று ஒவ்வொன்றாக, தொகையோடு, எதற்கு என்று எழுதுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சேர்க்கைக்காக நன்கொடை வாங்கக் கூடாது, கேட்பவர் யாராயிருந்தாலும்.

படி 6: அன்றைய 90 நிமிடம்

பதிவு மேசை வகுப்புக்கு ஒன்றாக மூன்று போடுங்கள். ஒருவருக்கு அரை நிமிடம் என்றால் 40 பேருக்கு 20 நிமிடம், ஆகவே 8.30க்கே மேசை திறக்க வேண்டும். ஒரே மேசை வைத்தால் ஒரு மணித்தியாலம் வரிசை நிற்கும். கதிரை 120 அல்ல, 160. இருவராக வருபவர், கூட வரும் சின்னப் பிள்ளை எல்லாம் உண்டு.

விளக்கேற்றல், இறைவணக்கம், பாடசாலைக் கீதம் எல்லாம் 10 நிமிடம். அதிபர் 10. கோட்டுப் படத்தோடு இலக்கு 15. விதிகள் 20. பிறகு நேரே வகுப்பறைக்கு, 35 நிமிடம். கேள்விகளை மண்டபத்தில் எடுக்காதீர்கள்: மைக்கைப் பிடிக்கும் இரண்டு பேர் நேரத்தை முடித்துவிடுவார்கள், கேட்க வேண்டியவர் வாய் திறக்க மாட்டார். மாலை, பொன்னாடை வேண்டவே வேண்டாம்.

படி 7: வகுப்பறையில்

பெற்றார் தங்கள் பிள்ளையின் கதிரையிலேயே உட்காரட்டும். தகவல் படிவத்தில் இரண்டு போன் இலக்கம், வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவர், கூட்டிப்போக வரக்கூடியவர், ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய், ஒவ்வாமை, பயண முறை. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கெதிரான எச்பிவி தடுப்பூசி பாடசாலையில் போடப்பட்டு வருவதால், அதைப் பற்றி இரண்டு நிமிடம் இங்கே பேசிவிடுங்கள். திடீரென்று சம்மதப் படிவம் மட்டும் வீட்டுக்குப் போனால் பயந்து கையொப்பமிடாமல் விடுவார்கள்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தையே பார்த்திருக்கும் ஒருவர் இருப்பார். “எழுதத் தெரியாதா” என்று கேட்காதீர்கள். பக்கத்தில் போய்க் குனிந்து, “கண்ணாடி கொண்டரல்லையா அம்மா? சொல்லுங்க, நான் எழுதுறன்” என்றால் அவர் சொல்வார், நீங்கள் எழுதலாம். அடுத்த முறை கூப்பிட்டாலும் வருவார்.

வட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். புள்ளி, பிள்ளையின் குற்றம், தனிப்பட்ட படம் எதுவும் அதில் வரக்கூடாது. முக்கிய அறிவித்தலைக் குரல் பதிவாகவும் போடுங்கள். நல்ல போன் இல்லாத வீட்டுக்குத் தாளில் அனுப்ப வேண்டும். அந்தப் பெயர்களை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: வராதவர்கள்

120இல் இருபது பேராவது வராமல் இருப்பார்கள் என்று எண்ணியே திட்டமிடுங்கள். கைநூலைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தால் அது புத்தகப் பையின் அடியில் கிடக்கும். அடுத்த கிழமையில் ஒரு நாள், பாடசாலை விட்டதும் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் நேரத்தில், இரண்டாவது சந்திப்பு வையுங்கள். மைக் வேண்டாம், மேடை வேண்டாம். மரத்தடியில் பத்துக் கதிரை, கைநூல், படிவம், ஒரு வகுப்பாசிரியர், அரை மணித்தியாலம். அதற்கும் வராத மூன்று நான்கு பேரின் பெயரை வகுப்பாசிரியர் தன் வரவுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைக்கட்டும், முதலாம் தவணைத் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் முதலில் அவர்களுடன் பேச.