இலை வெளுத்தால் பயப்படாதீர்கள்: பிரிட்டில்புஷ் வளர்க்கும் முறை

மார்ச் மாதத்தில் அமெரிக்காவில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கம் போனால் கற்குன்றுகள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பெரும்பாலும் அது பிரிட்டில்புஷ்தான். சூரியகாந்திக் குடும்பம், சொனோரா, மொஹாவி பாலைவனங்களின் சொந்தச் செடி. கிளை பட்டென்று ஒடியும் (ஆங்கிலத்தில் 'பிரிட்டில்'), பெயர் அதனால் வந்தது. ஸ்பானிய மொழியில் 'இன்சியென்சோ'. தண்டில் வடியும் பிசினை அந்தப் பகுதித் தேவாலயங்களில் சாம்பிராணி போலப் புகைத்திருக்கிறார்கள்.

முதலில் விதை. பூ முடிந்து காய்ந்த தலைகளை உள்ளங்கையில் கசக்கினால் தட்டையான சின்ன விதைகள் உதிரும். பூங்காக்களில் பறிக்காதீர்கள், தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது இடம். நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் கீழே கலீச்சே என்ற சுண்ணாம்புப் பாறை இருக்கலாம். அதை உடையுங்கள், இல்லையேல் இடத்தை மாற்றுங்கள். உரம் வேண்டாம்.

கோடை தணிந்ததும், அக்டோபர் நவம்பரில் விதையுங்கள். மேலே மண் தூவினாற்போல் இருந்தால் போதும். முளைக்கும்வரை ஈரம் காயவிடாதீர்கள். நாற்றுகளை மூன்று நான்கு அடி இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை: கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. தண்ணீர் கணக்கை இலையே சொல்லும். ஈரம் இருந்தால் இலை பெரிதாக, பச்சையாக வரும். வறட்சி ஏற ஏற, புதிதாக வருபவை சிறுத்து, நுண்ணிய வெள்ளை ரோமம் அடர்ந்து வெள்ளி நிறமாகிவிடும். அந்த ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்பி இலையைச் சூடேறாமல் காக்கிறது. இன்னும் காய்ந்தால் இலைகளையே உதிர்த்துவிடும். என் முதல் செடி ஜூனில் மொட்டையாக நின்றதைப் பார்த்துப் பதறி, தினமும் குழாயைத் திறந்துவிட்டேன். வேர் அழுகியே போனது. முதல் வருடம் மட்டும் மண் நன்றாகக் காய்ந்தபின் ஆழமாக ஊற்றுங்கள். வேர் பிடித்தபின் மழையே பெரும்பாலும் போதும். நிறைய ஊற்றினால் செடி நெடுநெடுவென்று வளர்ந்து சாயும்.

பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிசின் லேசில் போகாது. இலையுதிர்ந்த கிளை செத்ததா என்று சந்தேகமா? நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் சரி, அப்படியே விடுங்கள்.