மாலாக் தந்த இடம் எவ்வளவு? அளவு தேடும்போது செய்யும் தவறுகள்

சி மொழியில், நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலாக் ஃபங்ஷன் மூலம் 100 பைட் வாங்குகிறோம். நான்கைந்து ஃபங்ஷன்கள் தாண்டியபின் கையில் மிஞ்சுவது அந்த இடத்தின் முகவரியான பாயின்டர் மட்டும்தான். இடத்தைத் திருப்பித் தர ஃப்ரீ செய்யும்போது அளவை யாரும் கேட்பதில்லையே, அப்படியானால் அது எங்கோ பதிவாகியிருக்க வேண்டுமே என்று தோன்றும். பதிவாகித்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் நாம் கேட்ட எண் அல்ல.

பாயின்டர்மேல், அளவு சொல்லும் சைஸ்ஆஃப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 64 பிட் கணினியில் 8 என்று வரும். அது பாயின்டரின் அளவு. ஃபங்ஷனுக்கு அனுப்பிய அரேயும் உள்ளே பாயின்டராகிவிடுவதால் அங்கேயும் இதே கதைதான். எஸ்டிஆர்லென் எழுத்துகளை எண்ணுமே தவிர, இடத்தை அளக்காது.

அடுத்ததாகக் கண்ணில் படுவது, லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் தரும் மாலாக்_யூசபிள்_சைஸ். 64 பிட் ஜிலிப்சியில் 100 பைட் கேட்டு வாங்கிய பாயின்டரை இதற்குக் கொடுத்தால் 104 என்கிறது. ஒரே ஒரு பைட் கேட்டாலும் 24. இடத்தை 16இன் மடங்கான, குறைந்தது 32 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டி, அதில் 8 பைட்டைத் தன் கணக்குக்கு நூலகம் எடுத்துக்கொள்வதே காரணம்: 112இல் 8 போக 104, 32இல் 8 போக 24. பாயின்டருக்கு முந்தைய 8 பைட்டைத் தாமே படித்துப் பார்க்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் 113 கிடைக்கும். துண்டின் அளவோடு, பக்கத்துத் துண்டு பயன்பாட்டில் இருப்பதைச் சொல்லும் ஒரு பிட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூலகத்தின் உள்வீட்டுக் கணக்கை நம்பி நிரல் எழுதக் கூடாது.

உண்மையில் ஆபத்தான தவறு இதற்குப் பிறகுதான் வருகிறது. கூடுதலாக 4 பைட் கிடைத்திருக்கிறது, எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம். நூலகம் மறுக்காது, நிரலும் பல காலம் ஓடும். ஆனால் கம்பைலரின் பார்வையில் அந்த இடம் 100 பைட்தான். எல்லை மீறி எழுதுவதைத் தடுக்கும் ஃபோர்டிஃபை சோர்ஸ் பாதுகாப்பின் 3ஆம் நிலையில் கம்பைல் செய்தால், 101ஆவது பைட்டில், தரவை நகலெடுக்கும் மெம்காப்பி எழுத முனையும்போதே நிரல் நிறுத்தப்படலாம். லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளிலேயே இது நடந்தது: மிகுதி இடத்தையும் பயன்படுத்திக்கொண்டிருந்த அதன் நிரல், இந்தப் பாதுகாப்போடு கம்பைல் செய்தபோது முறிந்தது. லினக்ஸ் கையேடும் இப்போது வெளிப்படையாகச் சொல்கிறது: இந்த ஃபங்ஷன் பிழையறியவும் புள்ளிவிவரம் எடுக்கவும் மட்டும், மிகுதியில் எழுத வேண்டுமானால் முதலில் இடத்தின் அளவை மாற்றும் ரீயலாக் செய்ய வேண்டும்.

ஓரிடத்தில் கிடைத்த எண்ணை எங்கும் எதிர்பார்ப்பதும் தவறு. ஜிலிப்சியின் மாலாக்குக்குப் பதில் ஜெமாலாக் என்ற வேறொரு ஒதுக்கீட்டு நூலகத்தை இணைத்தால் அதே 100க்கு 112 வரும். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டினால் சரியாக 100. மேக்கில் ஃபங்ஷனின் பெயரே மாலாக்_சைஸ், விண்டோஸில் _எம்சைஸ். எதுவும் சி தரநிலையில் இல்லை. மாலாக் திருப்பித் தந்த பாயின்டரையே கொடுக்க வேண்டும் என்பதும் மறந்துபோகிறது. துண்டின் நடுவிலுள்ள முகவரியைக் கொடுத்தால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது.

அப்படியென்றால் அளவு சொல்லும் இத்தகைய ஃபங்ஷன்கள் வீணா? இல்லை. தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ் தரவுத்தளம் தன் நினைவகப் பயன்பாட்டைக் கணக்கிட இத்தகைய ஃபங்ஷனைத்தான் நம்புகிறது. எவ்வளவு செலவாகிறது என்று அறிய இதைவிட நேரான வழி இல்லை.

நிரலின் தர்க்கத்துக்கு அளவு வேண்டுமானால், வாங்கும்போதே எழுதிவைப்பதுதான் முறை. பாயின்டர், நீளம், கொள்ளளவு மூன்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் சேர்த்துவைத்து, ரீயலாக் வெற்றி பெற்ற பிறகு மட்டும் கொள்ளளவை மாற்றுங்கள். சி23 தரநிலையில் வந்திருக்கும் ஃப்ரீ_சைஸ்ட் ஃபங்ஷன், விடுவிக்கும்போது அளவையும் கேட்கிறது. அங்கே கொடுக்க வேண்டியது நாம் கேட்டு வாங்கிய 100. மாலாக்_யூசபிள்_சைஸ் சொன்ன 104ஐக் கொடுத்தால் அது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்பதற்குத் தரநிலையில் உத்தரவாதம் இல்லை.